ஏலமலைக் கூலியும் ஆயுளும்

2019 ஆகஸ்டில் கேரளத்தின் புத்தடி ஏல மையத்தில் ஏலக்காய் விலை கிலோ 7,000 ரூபாயைத் தொட்டது. காய் எடுத்த பெண்ணின் கைக்கு வந்ததோ நாள் கூலி மட்டும். இந்த இடைவெளி மனித உடம்பை என்ன செய்கிறது?

தமிழகத்தின் போடிநாயக்கனூரிலிருந்து விடியுமுன் ஜீப்பில் புறப்பட்டு, போடிமெட்டு ஏறி, கேரளத்தின் பூப்பாறைப் பக்கத் தோட்டங்களுக்குப் போகிறார்கள் தொழிலாளர்கள். ஏலக்காய் தரையை ஒட்டிய சரத்தில் காய்ப்பதால் நாளெல்லாம் குனிந்தோ உட்கார்ந்தோதான் எடுக்க வேண்டும். கூடவே மழை ஈரம், அடிக்கடி தெளிக்கும் பூச்சிமருந்து. உடம்புக்கு முடியாமல் ஒருநாள் படுத்தால் அன்றைய கூலி போய்விடும். அதனால் வைத்தியம் தள்ளிப்போகிறது. சிறு நோய் முற்றுகிறது.

வருமானம் கூடினால் ஆயுள் கூடும். ஆனால் ஒரே அளவில் அல்ல. நாடுகளை ஒப்பிட்டு 1975-இல் மக்கள்தொகை ஆய்வாளர் சாமுவேல் பிரஸ்டன் இதைக் காட்டினார்: ஏழ்மையில் கூடும் சிறு தொகை ஆயுளை வெகுவாக நீட்டுகிறது; செல்வத்தில் அதே தொகையால் பெரிய மாற்றமில்லை. ஆகவே, பணம் மேலே குவியக் குவிய, மொத்தச் சமூகத்தின் சராசரி ஆயுள் எட்டக்கூடிய உயரத்தை எட்டாது.

கடும் வறுமை இல்லாத இடத்திலும் படிநிலை கொல்கிறது. லண்டன் அரசு ஊழியர்களிடம் 1967-இல் தொடங்கிய ஒயிட்ஹால் ஆய்வில், கடைநிலை ஊழியர்களின் இதயநோய் மரண விகிதம் உயரதிகாரிகளைவிட மூன்று மடங்குக்கும் மேல். புகைபிடித்தல் போன்றவற்றைக் கழித்த பிறகும் வித்தியாசம் நீங்கவில்லை. தன் வேலையின் மீது தனக்கே பிடி இல்லாத நிலை தரும் ஓயாத மனஅழுத்தம் ஒரு காரணம் என்கிறார் அந்த ஆய்வாளர்களில் ஒருவரான மைக்கேல் மார்மட். அமெரிக்காவில் 2016-இல் பொருளியலாளர் ராஜ் செட்டி குழுவினர் கணக்கிட்டபோது, வருமான உச்சியிலுள்ள ஒரு சதவீத ஆண்கள் அடியிலுள்ள ஒரு சதவீதத்தினரைவிட 14.6 ஆண்டுகள் கூடுதலாக வாழ்ந்தார்கள்.

ஏற்றத்தாழ்வே நேராக ஆயுளைக் குறைக்கிறது என்றார் பிரிட்டிஷ் ஆய்வாளர் ரிச்சர்ட் வில்கின்சன். வறுமையே முதன்மைக் காரணம் என்று பொருளியலாளர் ஆங்கஸ் டீட்டன் மறுத்தார். விவாதம் தொடர்கிறது. கூலிக்காரருக்கு இரண்டுமே சுமைதான்.

வழி இல்லாமல் இல்லை. குடும்பச் செலவுக் கணக்கில் கேரளத்திலும் ஏற்றத்தாழ்வு குறைவில்லை. ஆனாலும் 2014–18 கணக்குப்படி அங்கே சராசரி ஆயுள் 75.3, தமிழகத்தில் 72.6, இந்தியாவில் 69.4. பெண் கல்வியும் எட்டும் தூரத்து அரசு மருத்துவமனையும், பணப்பையின் பள்ளம் உடம்பில் இறங்காமல் தடுக்கின்றன.

1951-ஆம் ஆண்டுத் தோட்டத் தொழிலாளர் சட்டம் ஏலத்தோட்டங்களுக்கும் மருத்துவ வசதியைக் கடமையாக்கியது. அது பெரிய தோட்டங்களில் நிலையாக இருப்போரை மனத்தில் வைத்து எழுதப்பட்டது. ஜீப்பில் போய்த் திரும்பும் நாள்கூலிக்காரர் அதில் எளிதில் விடுபட்டுப்போனார். அவருக்குச் சம்பளத்தோடு நோய் விடுப்பு, மாதம் ஒருமுறை பரிசோதனை, பூச்சிமருந்துக் காப்பு உடை ஆகியவற்றைத் தமிழக, கேரள அரசுகள் சேர்ந்து உறுதி செய்ய வேண்டும். எல்லை தாண்டிப் போய் உழைப்பவரின் ஆயுளுக்கு இரண்டு மாநிலங்களும் பொறுப்பு.