ஏழாம் நம்பர் இல்லாத மைதானம்

"எந்த டீமுன்னு எழுதக்கூடாதுங்க. பசங்க பேரும் வேண்டாம். மத்தபடி எங்க வேணும்னாலும் நில்லுங்க, எதை வேணும்னாலும் பாருங்க."

சரி என்று சொல்லிவிட்டு உள்ளே கால் வைத்தேன். எத்தனை வருட ஆசை! தமிழ்நாடு பிரீமியர் லீக் (டிஎன்பிஎல்) கிரிக்கெட் ஏலத்தில் பெயர் வாசிப்பதையும், மேசைக்கு மேசை அட்டை தூக்குவதையும் நாம் எல்லாரும் பார்த்திருக்கிறோம். அந்தப் பெயர் முதன்முதலாக ஒரு நோட்டில் ஏறுகிற இடம் எங்கே இருக்கிறது? இதோ, திருப்பூரில், பெருமாநல்லூர் ரோட்டிலிருந்து பிரிகிற மண்பாதையின் கோடியில், ஒரு கல்லூரி மைதானத்தில். மார்கழிப் பனி. மணி ஐந்தே முக்கால். வாங்க, கூடவே வாங்க. புல்லில் பார்த்து நடங்க, சறுக்கும்.

வாசலிலேயே ஒரு மடக்கு மேசை. அதன்மேல் மலையாக டி-ஷர்ட்டுகள், ஒவ்வொன்றின் முதுகிலும் ஒரு நம்பர். எல்லாம் எக்ஸ்போர்ட்டில் கழித்துவிட்ட செகண்ட்ஸ். ஒன்றில் தோள் தையல் கோணி ஓடியிருக்கிறது, இன்னொன்றில் சாயம் ஒரு ஷேடு வெளுப்பு. கழுத்து லேபிளை வெட்டி எடுத்துவிட்டு, தெரிந்த பிரிண்டிங் யூனிட்டில் முந்தின ராத்திரி நம்பர் அடித்து வாங்கி வந்திருக்கிறார்கள். மை வாசம் இன்னும் போகவில்லை. 31-ஐத் தொட்டுப் பார்த்தேன், விரலில் லேசாக ஒட்டியது. கால்பந்து உலகக் கோப்பை வந்தால் ரசிகர் பனியன்களை மூட்டை மூட்டையாகக் கப்பலேற்றுகிற ஊர் இது. தன் வீட்டுப் பிள்ளைகளுக்கு எடுத்துவைத்த சட்டை இதுதான்.

6 இருக்கிறது, 8 இருக்கிறது. நடுவே 7-ஐக் காணோம்.

"அதை அடிக்கவே இல்லைங்க" என்றார் மேசையில் இருந்த தம்பி. "போன தடவ ஏழாம் நம்பருக்கு ரெண்டு பேரு சட்டையைப் புடிச்சுக்கிட்டானுங்க. தோனி நம்பராச்சே! அதான் ஆறுக்கப்புறம் நேரா எட்டு."

பசங்க வர ஆரம்பித்துவிட்டார்கள். தாராபுரத்திலிருந்து, காங்கயத்திலிருந்து, உடுமலையிலிருந்து, முதல் பஸ்ஸைப் பிடித்து. எல்லாரும் ஏதோ ஒரு கல்லூரியில் படிப்பவர்கள், மாவட்ட லீக்கில் ஆடுபவர்கள். பெரிய கிட் பேக் தள்ளிக்கொண்டு வருபவர்கள் பாதிப் பேர்தான். ஒரு பையன் இரண்டு பேட்டுகளைத் துணி ரோல் சுற்றி வருகிற பாலித்தீன் உறைக்குள் நுழைத்து, இரு முனையையும் முடிந்து தோளில் மாட்டியிருந்தான். பனியில் ஒரு சொட்டு உள்ளே போகவில்லை. படிவத்தை நிரப்புகிறவர் ஒவ்வொருவரிடமும் கேட்ட கேள்வி, "காலேஜா, கம்பெனியா?" வரிசையில் பாதிப் பேர் சொன்ன பதில், "ரெண்டும்ங்க சார்."

கம்பெனி என்றால் இந்த ஊரில் பனியன் கம்பெனி. அதை யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. முந்தின நாள் ஒன்றரை ஷிப்ட் பார்த்துவிட்டு, நாலு மணி நேரம் தூங்கி எழுந்து வந்தவன்கூட அந்த வரிசையில் நின்றான்.

முதலில் யோ-யோ ஓட்டம். இருபது மீட்டர் போக, இருபது மீட்டர் வர, பத்து நொடி மூச்சு வாங்க. ஸ்பீக்கரில் வருகிற 'பீப்' சத்தத்துக்குள் கோட்டைத் தொட வேண்டும். போகப் போகச் சத்தம் நெருங்கிக்கொண்டே வரும். முதல் ஐந்து நிமிடம் சிரிப்பும் கிண்டலுமாக இருந்த கூட்டத்தில், பத்தாவது நிமிடம் பேச்சு மூச்சில்லை. நடுவில் ஸ்பீக்கருக்கு சார்ஜ் தீர்ந்துபோக, டிரெய்னர் வாயாலேயே "பீப்... பீப்" என்று கத்தினார். ஓடிக்கொண்டிருந்தவர்கள் சிரித்ததில் மூன்று பேர் கோட்டைத் தவறவிட்டார்கள். பாவம் என்று அந்த ரவுண்டை ரத்து செய்துவிட்டார்.

வேப்பமரத்துக்குப் பின்னால் ஒரு பையன் குனிந்து வாந்தி எடுத்தான். டிரெய்னர் உப்பும் எலுமிச்சையும் போட்ட தண்ணீரோடு ஓடினார். பையன் வாயைத் துடைத்துக்கொண்டு கேட்ட முதல் கேள்வி, "என் நம்பரை அடிச்சிருவீங்களா சார்?" டிரெய்னர் அவன் முதுகைத் தடவிக்கொடுத்து, "குடி கண்ணு மொதல்ல" என்றார்.

இந்த ஓட்டத்தைப் பார்த்ததும் அமெரிக்காவின் என்.எஃப்.எல். ஞாபகம் வந்தது. கல்லூரிகளில் அமெரிக்கக் கால்பந்து ஆடும் வீரர்களை வருடா வருடம் இண்டியானாபோலிஸில் திரட்டி, நாற்பது கெஜம் ஓடவிட்டு நொடி பார்ப்பார்கள். அதன் பிறகுதான், அணிகள் ஒவ்வொருவராகப் பெயர் சொல்லி எடுக்கிற டிராஃப்ட். 2000-ஆம் ஆண்டு டாம் பிரேடி என்ற பையன் அந்தத் தூரத்தை 5.28 நொடியில் ஓடினான். அவன் ஆடுகிற இடத்துக்குக்கூட அது மெதுவான ஓட்டம். 198 பேரைக் கூப்பிட்ட பிறகு, 199-ஆவது ஆளாக எடுத்தார்கள். அவர் ஏழு சூப்பர் பவுல் ஜெயித்தார். இந்தக் கதையை, இங்கே தேர்வுக்குத் தலைமை வகிக்கிற பெரியவரிடம் சொன்னேன். லீக்கில் பல வருடம் ஆடியவர். எல்லாரும் அவரை 'அண்ணா' என்கிறார்கள். முழுக்கக் கேட்டுவிட்டு அவர் சொன்னார்: "ஓட்டத்தைப் பாத்து எல்லாரும் தள்ளிவிட்டப்பவும், இவன் இருக்கட்டும்னு எவனோ ஒருத்தன் நோட்டுல எழுதி வெச்சிருக்கான் பாருங்க. அவன் யாருங்க?"

அந்தக் கேள்விக்குப் பிறகு எனக்கு அண்ணாவின் நோட்டைத் தவிர வேறெதுவும் கண்ணில் படவில்லை.

பனியன் கம்பெனிகளில் சம்பளம் எழுதுகிற நீள நோட்டு அது. பென்சிலை ஓவர்லாக் நூலால் நோட்டோடு கட்டியிருக்கிறார். பக்கத்தில் எட்டிப் பார்த்தால் ரன் இல்லை, விக்கெட் இல்லை. நம்பருக்கு நேராகச் சின்ன வட்டம், ஒரு கோடு, ஒரு கொம்பு. பந்தைத் தவறவிட்டதும் பேட்டை முறைத்துப் பார்க்கிறவனுக்குக் கோடு. தன் முறை இல்லாதபோதும் பந்து பொறுக்க ஓடுகிறவனுக்குக் கொம்பு. வட்டம் எதற்கு என்று கேட்டதற்கு, "வரும்போது காட்டறனுங்க" என்றார்.

நெட்ஸ் களைகட்டிவிட்டது. பனியில் பந்து ஊறிப்போய் சோப்பு மாதிரி வழுக்குகிறது. அதற்கு மருந்து, ஒரு சாக்கு நிறைய பனியன் வேஸ்ட். கட்டிங் டேபிளில் மிச்சமான சிவப்பு, மஞ்சள், கிளிப்பச்சைத் துண்டுகள். ஒவ்வொரு பௌலரும் ஒரு கலரை இடுப்பில் செருகிக்கொண்டு ஓடிவருகிறான். தூரத்திலிருந்து பார்த்தால் திருவிழா. வேகம் அளக்கிற கருவி ஒன்றும் இருக்கிறது, ஆனால் அதன் முகத்தைப் பசங்களுக்குத் தெரியாதபடி சுவர்ப் பக்கம் திருப்பி வைத்திருக்கிறார்கள். "நம்பர் தெரிஞ்சா அடுத்த பந்தை ஸ்டம்புக்குப் போடமாட்டான், மெஷினுக்குப் போடுவான்."

அண்ணாவின் நாற்காலி பௌலருக்கு நேர் பின்னால் இல்லை. பக்கவாட்டில், முகம் தெரிகிற இடத்தில். அங்கிருந்துதான் 47-ஐப் பார்த்தேன். ஒல்லியான இடது கை ஸ்பின்னர். டி-ஷர்ட் அவனுக்கு இரண்டு சைஸ் பெரிது. எதிரே நின்றவன் நல்ல அடிகாரன். முதல் பந்து நெட்டைத் தாண்டிப் போனது. இரண்டாவது பந்து கல்லூரிச் சுவரைத் தாண்டிப் போனது. வரிசையில் நின்றவர்கள் விசிலடித்தார்கள். அண்ணா தலையைத் தூக்கவே இல்லை, 47-இன் முகத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தார். அவன் இடுப்புத் துணியில் பந்தைத் துடைத்தான், தையலை விரலால் ஒருமுறை தடவினான், ஓடிவந்து மூன்றாவது பந்தை இன்னும் உயரமாக, இன்னும் மெதுவாக, சற்று வெளியே போட்டான். அடிகாரன் இறங்கி வந்து வீசினான். பேட் காற்றில், பந்து கீப்பர் கையில்.

அண்ணா வட்டம் போட்டார். அதன்மேலேயே இன்னொரு வட்டம்.

"ரெண்டு அடி வாங்கினா எல்லாரும் பயந்துக்கிட்டு வேகமாத் தள்ளுவானுங்க. இவன் மெதுவாக்கினான் பாருங்க. அதைச் சொல்லிக் குடுக்க முடியாதுங்க."

பிறகு அந்தப் பையனிடம் பேச்சுக் கொடுத்தேன். சனி ஞாயிறு செக்கிங் செக்சனில் வேலையாம். "துணியைத் தடவுனாலே தையல் விட்ட எடம் தெரிஞ்சிரும்ங்க" என்று விரல்களைக் காட்டினான். நடுவிரல் நுனியில் காய்ப்பு. அது பந்தால் வந்ததா கம்பெனியால் வந்ததா என்று அவனுக்கே தெரியவில்லை.

அவனுக்கு ஒரு தங்கை. காம்பவுண்டுச் சுவரில் உட்கார்ந்து பரீட்சை அட்டையில் ஏதோ எழுதிக்கொண்டே இருந்தாள். லேப்டாப்போடு அலைகிற அனலிஸ்ட் தம்பி, "47, பதிமூணு பந்து" என்று கத்தியதும் சுவரிலிருந்து குரல்: "பதினாலுங்கண்ணா. சுவரைத் தாண்டிப் போச்சுல்ல, அதை விட்டுட்டீங்க." வீடியோவைப் பின்னோக்கி ஓட்டிப் பார்த்தார்கள். பதினாலேதான். "அம்மணி, அடுத்த வருசம் நீ இங்க வந்து உக்காந்துக்கோ" என்றார் அண்ணா. அவள் அட்டையால் முகத்தை மூடிக்கொண்டாள்.

ஒன்பது மணிக்கு டீயும் தேங்காய் பன்னும். பனி விலகி வெயில் ஏறிவிட்டது, எல்லார் முதுகிலும் நம்பர் வியர்வையில் ஒட்டிக் கிடக்கிறது. பேச்சு முழுக்க நடராஜன்தான். சேலம் சின்னப்பம்பட்டியில் டென்னிஸ் பந்தில் யார்க்கர் போட்டுப் பழகியவர், டிஎன்பிஎல் தொடங்கிய 2016-இல் திண்டுக்கல் அணிக்கு ஆடினார். மறு வருடமே ஐபிஎல் ஏலத்தில் 3 கோடி. 2020 டிசம்பரிலும் 2021 ஜனவரியிலுமாக, ஒரே ஆஸ்திரேலியப் பயணத்தில் மூன்று வகை ஆட்டத்திலும் இந்தியாவுக்கு இறங்கினார். வருண் சக்கரவர்த்தி கட்டட வடிவமைப்பு படித்தவர், 2018-இல் மதுரைக்கு ஆடிக் கோப்பை வாங்கிய கையோடு 8.4 கோடிக்கு ஐபிஎல்லுக்குப் போனார். இந்தத் தொகைகள் பசங்களுக்கு மனப்பாடம். வாய்ப்பாடு மாதிரி ஒப்பிக்கிறார்கள்.

இனிதான் விருந்து. பசங்களை வெளியே உட்காரவைத்துவிட்டு பி.டி. ரூம் கதவைச் சாத்தினார்கள். நான் உள்ளே! காற்றுப்போன வாலிபால்கள், கால் உடைந்த ஹர்டில், மூலையில் குண்டெறிகிற குண்டுகள், சுருட்டிவைத்த பாய். கேரம் போர்டின் மேல் லேப்டாப். அதன் பக்கத்தில் ஓர் அட்டைப் பெட்டி நிறைய சட்டைப் பட்டன்கள்.

"இதுதாங்க எங்க பணம். பெரிய பட்டன் ஒரு லட்சம், சின்னது அரை லட்சம்."

ஏல ஒத்திகை! டிஎன்பிஎல்லிலும் முதலில் டிராஃப்ட் முறைதான் இருந்தது. 2023-இல் மாமல்லபுரத்தில்தான் முதல் ஏலம். அப்போது ஓர் அணிக்கு 70 லட்சம். அதனால் மேசையில் 70 பட்டன் எண்ணி வைத்தார்கள். பழைய கணக்கைக் காட்டி எனக்குப் பாடம் நடத்தினார் அனலிஸ்ட் தம்பி. அந்த முதல் ஏலத்திலேயே கோவை கிங்ஸ் சாய் சுதர்சனை 21.60 லட்சத்துக்கு எடுத்தது. 2024-இல் திருப்பூர் தமிழன்ஸ் சாய் கிஷோருக்கு 22 லட்சம் கொடுத்தது. 22 பட்டனைப் பிரித்துத் தள்ளினார், மேசையில் பெரிய பள்ளம் விழுந்த மாதிரி இருந்தது. "பெரிய ஆளை எடுத்ததும் மீதி இவ்வளவுதாங்க. இதுல பத்துப் பதினஞ்சு பேரை எடுக்கணும்."

காரைக்குடி காளை என்று தொடங்கி, பெயர் மாறித் திருப்பூருக்கு வந்த அணிதான் இந்தத் தமிழன்ஸ். 2025 ஜூலை 6 அன்று திண்டுக்கல் மைதானத்தில், அஸ்வின் தலைமையில் இறங்கிய திண்டுக்கல் டிராகன்ஸை 118 ரன் வித்தியாசத்தில் வீழ்த்திக் கோப்பையை வாங்கியது. கேப்டன் அதே சாய் கிஷோர். ஆனால் 220 ரன் எடுத்த அந்த இன்னிங்ஸைத் தூக்கி நிறுத்தியவர்கள் தொடக்க ஜோடி அமித் சாத்விக்கும் துஷார் ரஹேஜாவும். ஒருவர் 65, இன்னொருவர் 77. எதிரணி 102-க்குச் சுருண்டது. இந்த ஆட்டத்தை அந்த அறையில் ஒவ்வொருவரும் பந்து பந்தாகச் சொல்கிறார்கள்.

ஒத்திகையில் நான் கண்ட அதிசயம் இது. பெரிய பெயர்களுக்கெல்லாம் ஆளுக்கு இரண்டு நிமிடம்தான். எதிரணி வேடம் போட்ட டிரெய்னர் டேபிள் டென்னிஸ் மட்டையைத் தூக்குவார், விலை ஏறும், "நமக்குக் கட்டாதுங்க, விடு" என்று அடுத்ததுக்குப் போய்விடுவார்கள். பட்டியலின் அடியில் 1.5 லட்சத்தில் தொடங்குகிற பெயர்கள் வந்ததும் எல்லாரும் நாற்காலியை இழுத்துப் போட்டார்கள். அங்கேதான் சண்டை. 47-ஆ, 62-ஆ? 62 நல்ல உயரம், வேகமும் உண்டு. 47 யோ-யோவில் சுமார்தான். வீடியோவை ஒன்பது முறை ஓட்டினார்கள். அனலிஸ்ட் 62 என்றார். டிரெய்னரும் 62. அண்ணா நோட்டைத் திறந்து, வட்டத்தின்மேல் வட்டத்தை விரலால் தொட்டுக் காட்டிவிட்டு மூடினார். ஒரு வார்த்தை பேசவில்லை. கோடி ரூபாய் ஏலங்களை டிவியில் பார்த்திருக்கிறேன், எதிலும் இப்படி என் நெஞ்சு அடித்துக்கொண்டதில்லை.

கடைசியில் மேசையில் மிஞ்சியது ஒரு பெரிய பட்டனும் ஒரு சின்னப் பட்டனும். அனலிஸ்ட் தம்பியே எடுத்து 47-க்கு நேராக வைத்தார்.

கதவைத் திறந்தபோது உச்சி வெயில். முடிவு எதையும் பசங்களுக்குச் சொல்லவில்லை, சொல்லவும் கூடாது. நிஜ ஏலத்தில் வேறொரு அணி முந்திக்கொள்ளலாம், பெயரே வாசிக்கப்படாமலும் போகலாம். 47 டி-ஷர்ட்டைக் கழற்றி மடித்து மேசையில் வைத்தான். கம்பெனியில் மடிக்கிற மடிப்பு, கை இரண்டும் உள்ளே போய், நம்பர் மேலே தெரிகிற மாதிரி. "வச்சுக்கோ கண்ணு" என்றார் மேசைத் தம்பி. அவன் அப்படியே தங்கை கையில் கொடுத்தான்.

ஏலம் முடிந்த மறுநாள் பேப்பரில் பட்டியல் வரும். பெரிய தொகைகளைப் படித்துவிட்டுப் பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். அடியில் பொடி எழுத்தில் 1.5 லட்சம் என்று போட்டிருக்கும் பெயர்களையும் ஒவ்வொன்றாகப் படியுங்கள். அதில் உங்கள் தெருப் பையன் இருந்தால், முதல் ஆட்டத்துக்கு ஒரு டிக்கெட் எடுத்துப் போய் உட்காருங்கள்.