உங்க பாஸ் எந்த ரகம்?

"சார் உங்களைக் கூப்பிடறார்!"

பியூன் வந்து இப்படிச் சொன்னதும் உங்களுக்கு என்ன ஆகிறது? சாவகாசமாக பேனாவை மூடி வைத்துவிட்டு எழுந்து போகிறீர்களா? அப்படியானால் நீங்கள் கொடுத்து வைத்தவர். இந்தப் பக்கத்தைப் பக்கத்து சீட்டுக்காரரிடம் கொடுத்துவிடுங்கள். உள்ளங்கை வியர்த்து, வயிற்றைப் பிசைந்து, 'என்ன தப்பு கண்டுபிடிச்சாரோ...' என்று மனசு அடித்துக் கொள்கிறதா? உங்களுக்குத்தான் இந்தக் கட்டுரை.

அந்த ஒரு நிமிஷத்தில் உடம்புக்குள் பெரிய ஆர்ப்பாட்டமே நடக்கிறது. அட்ரினலின் சுரக்கிறது. இதயம் வேகமாக அடிக்கிறது. ரத்த அழுத்தம் ஏறுகிறது. ஜீரணம் மந்தமாகிறது. புலியைப் பார்த்தால் ஓடித் தப்பிக்க உடம்பு செய்து வைத்திருக்கிற ஏற்பாடு இது. காட்டுப் புலி கொஞ்ச நேரத்தில் போய்விடும். ஆபீஸ் புலி தினமும் எட்டு மணி நேரம் எதிரிலேயே உட்கார்ந்திருக்கிறதே, என்ன பண்ண?

முதலில் எந்தப் புலி என்று பார்ப்போம்.

'கத்தல்' பாஸ்தான் எல்லோருக்கும் சட்டென்று ஞாபகத்துக்கு வருவார். ஆனால் ரொம்ப மோசமானவர் அவர் இல்லை. பத்து மணிக்குக் கூரை அதிரக் கத்துவார், பதினொரு மணிக்கு, "காபி சாப்ட்டீங்களா?" என்பார். அவர் கத்துவது வேலையைப் பற்றியா, உங்களைப் பற்றியா என்று மட்டும் கவனியுங்கள். "இந்த ஸ்டேட்மென்ட் தப்பு" என்பது வேறு. நாலு பேர் எதிரில், "உனக்கெல்லாம் யார்யா வேலை கொடுத்தது?" என்பது வேறு. முதலாவதை அங்கேயே விட்டுவிடலாம். இரண்டாவது தொடர்ந்தால், அவர் சாந்தமாக இருக்கிற நேரமாகப் பார்த்து, தனியாக, "எல்லார் எதிர்லயும் வேண்டாம் சார், கூப்பிட்டுச் சொல்லுங்க" என்று சொல்லிவிடுவது நல்லது. பல பேர் இதற்கே அடங்கிவிடுவார்கள்.

உடம்பை உண்மையில் அரித்துத் தின்பவர் 'சந்தேக' பாஸ். குரலே உயர்த்த மாட்டார். ஆனால் நீங்கள் எழுதின லெட்டரில் 'தங்கள்' என்பதை 'உங்கள்' என்று திருத்துவார். அடுத்த வாரம் 'உங்கள்' என்று எழுதினால் 'தங்கள்' ஆக்குவார். யார் யாருக்கு போன் பண்ணினார்கள், டாய்லெட்டுக்குப் போனவர் எத்தனை நிமிஷம் கழித்து வந்தார் என்பதெல்லாம் அத்துப்படி. இருபது வருஷ சர்வீஸ் ஆனவர்கூட ஒரு கவர் ஒட்டுவதற்கு அவரைக் கேட்டாக வேண்டும்.

இவரை ஏன் ஆபத்தானவர் என்கிறோம்? பெரிய அதிகாரிகளுக்குத்தான் டென்ஷன், அவர்களுக்குத்தான் ஹார்ட் அட்டாக் என்று நாம் நினைத்துக் கொண்டிருக்கிறோம். லண்டன் அரசாங்க அலுவலகங்களில் நடந்த ஆராய்ச்சி இதைத் தலைகீழாக்கிவிட்டது. கீழ்ப்படியில் இருந்தவர்களிடம்தான் இதய நோய் அதிகம்! 1985-ல் ஆரம்பித்து, பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட ஊழியர்களை டாக்டர் மைக்கேல் மார்மோட்டின் குழு வருஷக் கணக்கில் தொடர்ந்து பார்த்தது. தன் வேலையைத் தானே தீர்மானிக்க முடியாதவர்களுக்கு இதய நோய் கூடுதலாக வந்தது என்று 1997-ல் எழுதினார்கள். சிகரெட், ரத்த அழுத்தம், கொலஸ்ட்ரால் எல்லாவற்றையும் கழித்துப் பார்த்தும் வித்தியாசம் முழுசாக மறையவில்லை. மலை மாதிரி வேலை இருந்தாலும், நம் இஷ்டப்படி செய்ய முடிந்தால் உடம்பு ஓரளவு தாங்கிக் கொள்கிறது. கையைக் கட்டிப் போட்டால்தான் கஷ்டம்.

சந்தேகப் பேர்வழிகளில் பலர் உள்ளுக்குள் பயந்தவர்கள். அவர்களுக்கு மேலே ஒரு புலி இருக்கும்! அவர் கேட்பதற்கு முன்னால் நீங்களே போய்ச் சொல்லிவிடுங்கள். "இன்னிக்கு இந்த மூணு வேலை சார். நாலு மணிக்கு டேபிள்ல இருக்கும்." தினமும் காலையில் இரண்டு நிமிஷம், அவ்வளவுதான். ஒரு மாதம் போனதும், ஏதாவது ஒரு சின்ன வேலையை, "இதை நானே முழுசா பார்த்துக்கறேன் சார்" என்று கேட்டு வாங்குங்கள். அந்தத் துளி சுதந்திரம்தான் உங்களுக்கு மருந்து.

'பார்க்கலாம்' பாஸ் திட்டவே மாட்டார், முடிவும் எடுக்க மாட்டார். ஃபைல் தூங்கும், பார்ட்டி வந்து உங்களைத் திட்டும். "வெள்ளிக்கிழமைக்குள் மாற்றம் சொல்லாவிட்டால் இப்படிச் செய்கிறேன்" என்று ஒரு குறிப்பு எழுதி வைத்துவிடுங்கள்.

'தேன்' பாஸ் தெரியுமா? "நீங்க இல்லேன்னா இந்த டிபார்ட்மென்ட்டே இல்லம்மா" என்று ஐந்தரை மணிக்கு ஒரு கட்டு பேப்பரை நீட்டுவார். பெண்கள்தான் இவரிடம் அதிகம் மாட்டுகிறார்கள். வீட்டில் குழந்தை காத்திருக்கும், வாய் 'சரி சார்' என்றுவிடும். மறுக்கக் கூச்சமாக இருந்தால், "காலைல கொடுத்ததை முடிக்கட்டுமா, இதை முடிக்கட்டுமா, எது முதல்ல சார்?" என்று கேளுங்கள். பந்து அவர் பக்கம் போய்விடும்.

இப்போது இவர்கள் எல்லோருமே ராத்திரி பத்து மணிக்கு வாட்ஸ்அப்பிலும் வருகிறார்கள். வேலை நேரம் முடிந்தபின் போனைத் தொடாமல் இருக்கிற உரிமைக்கு பிரான்ஸில் 2017 முதல் சட்டமே இருக்கிறது. நம் வீட்டுச் சட்டத்தை நாம்தான் போட வேண்டும்: சாப்பாட்டுத் தட்டு வைத்ததும் போன் அடுத்த ரூமுக்கு.

அத்துமீறும் பாஸை இந்த ரகங்களோடு சேர்க்கவே கூடாது. கையைத் தொடுவது, இரட்டை அர்த்தத்தில் பேசுவது இதெல்லாம் 'சுபாவம்' இல்லை, குற்றம். பத்து பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்யும் இடத்தில் புகார்க் குழு இருந்தே ஆக வேண்டும் என்கிறது 2013-ம் வருஷச் சட்டம். சம்பவம் நடந்த மூன்று மாதத்துக்குள் எழுத்தில் கொடுங்கள். பத்து பேருக்குக் குறைவான இடம் என்றால் மாவட்ட அளவில் உள்ளூர்க் குழு இருக்கிறது. மெசேஜ்களை அழிக்காமல் வையுங்கள்.

ஒரு வார்த்தை வயிற்றைப் பற்றி. "பாஸால எனக்கு அல்சர்" என்று சொல்லாதவர் இல்லை. பெரும்பாலான அல்சருக்குக் காரணம் ஹெலிகோபாக்டர் பைலோரி என்கிற கிருமியும், வலி மாத்திரைகளும்தான். கவலை எரிச்சலைக் கூட்டும், அவ்வளவே. டாக்டரிடம் காட்டாமல் பாஸைத் திட்டிக் கொண்டே இருந்தால் அல்சர் ஆறாது.

ரத்த அழுத்தத்தை லீவு நாளில் ஒரு தடவையும், வேலை நாளில் ஒரு தடவையும் பாருங்கள். வித்தியாசம் பெரிதாக இருந்தால் இரண்டையும் எழுதி டாக்டரிடம் காட்டுங்கள். ஞாயிறு சாயங்காலமே தலை வலிக்கிறது, தூக்கம் இரண்டு வாரமாக இல்லை, குழந்தைகள் மேல் எரிந்து விழுகிறோம் என்றால் சும்மா இருக்காதீர்கள். 'டெலி மானஸ்' என்கிற அரசு உதவி எண் 14416. இருபத்து நாலு மணி நேரமும் இலவசம், தமிழிலேயே பேசலாம்.