வேனுக்குக் காப்புறுதி உண்டு. உள்ளே இருக்கும் பொருளுக்கு?

சுங்கை பட்டாணி, கூலிம், பீடோங் வட்டாரங்களிலும் சுற்றியுள்ள தோட்டப்புறங்களிலும் சிறு வியாபாரிகள் பலருக்குச் சரக்கு வேன்தான் கிடங்கு. இரவுச் சந்தைத் துணிமணி, புல் வெட்டும் இயந்திரம், விருந்துச் சமையல் பாத்திரங்கள் எல்லாம் இரவில் அதற்குள்ளேயே கிடக்கும்.

வேனே திருடுபோனால் முழுக் காப்புறுதி கைகொடுக்கும். பூட்டை உடைத்துப் பொருளை மட்டும் எடுத்துச் சென்றால், வழக்கமான வாகனக் காப்புறுதியில் பொதுவாக இழப்பீடு கிடைக்காது. சரக்குக்குத் தனிக் காப்புறுதி வேண்டும். சாலை வரி, காப்புறுதி புதுப்பிக்கும்போதே முகவரிடம் இதைக் கேட்டுக்கொள்வது நல்லது.

விலை உயர்ந்த கருவிகளை இரவில் வீட்டுக்குள் இறக்கி வைப்பதே முதல் பாதுகாப்பு. முடியாவிட்டால், பின்கதவைத் திறக்க இடமில்லாதபடி சுவரை ஒட்டி வேனை நிறுத்தலாம். பக்கவாட்டுக் கதவையும் மறந்துவிடக்கூடாது. பழைய வேன்களில் பூட்டு தேய்ந்திருக்கும். இரு கதவுகளுக்கும் வெளியே தனிப் பூட்டு போடுவது அவசியம்.

இயந்திரங்களின் வரிசை எண், படம், ரசீது ஆகியவற்றைக் கைப்பேசியில் சேமித்து வையுங்கள். திருட்டு நடந்தால் எதையும் தொடாமல் போலீசில் புகார் செய்யுங்கள். திருடுபோன பொருள் மீட்கப்பட்டால், அது உங்களுடையது என்று காட்ட அந்த எண்ணே உதவும்.