புலிநகக் கத்தி

புலிநகம் போல வளைந்து, பிடியின் நுனியில் விரல் நுழைக்க ஒரு வளையத்தோடு இருக்கும் கத்தியைச் சண்டைப் படங்களில் பார்த்திருப்பீர்கள். அதன் பெயர் கரம்பிட். ஊர், இந்தோனேசியாவின் மேற்குச் சுமத்ரா. மினாங்கபாவ் மக்களின் இந்தக் கத்தியைச் சிலாட் தற்காப்புக் கலையில் இன்றும் பழகுகிறார்கள்.

வேலைக்கு உதவுமா? உள்வளைவில் கூர் இருப்பதால் கயிறும் நாரும் வழுக்காமல் சிக்கும், இழுத்தால் அறுந்துவிடும். நம் கதிர் அரிவாளின் வளைவும் இதற்குத்தானே! ஆனால் வெங்காயம் நறுக்கிப் பாருங்கள், முனைதான் பலகையில் குத்தும். தட்டைக் கல்லில் கூர் தீட்டுவதும் பெரும்பாடு, உருளைக்கல் வேண்டும். விரலில் சுழற்றுவதோ வெறும் வித்தை. கயிறு அறுப்பவருக்கு இது கருவி. மற்றவர்களுக்கு நேரான கத்தியே போதும்.