பித்தளை மறப்பதில்லை

மட்டாஞ்சேரியில் இடவப்பாதி மழை பிடித்துக்கொண்ட ஓர் இரவு, அமெரிக்காவிலிருந்து என் அக்காள் பேரன் தொலைபேசியில் அழைத்தான். சட்டப்படி கைத்துப்பாக்கி வாங்கிக் குறிபார்த்துச் சுடப் பழகுகிறான். சுட்டுக் கழிந்த தோட்டாக் கூடுகளில் மறுபடி மருந்து நிரப்பிக்கொள்வது அந்நாட்டில் பலருக்குப் பொழுதுபோக்கு.

"தாத்தா, .357 சிக் கூடு கிடைப்பது கஷ்டம். .40 கூடு நிறையக் கிடைக்கிறது. அதன் வாயை நெருக்கிக்கொண்டால் போதாதா? நீங்கள் ரயில்வே என்ஜினியராச்சே!" என்றான்.

அவனுக்குச் சொன்னதை நம் சங்கத்துக் குடும்பங்களுக்கும் சொல்கிறேன். நம் பிள்ளைகள் பலர் வெளிநாடுகளில் இருக்கிறார்கள் அல்லவா?

முதலாவது, அளவு. .40 கூட்டின் நீளம் 0.850 அங்குலம்; .357 சிக் கூட்டுக்கு 0.865. மயிரிழை வித்தியாசம்தானே எனலாம். ஆனால் அந்தக் குறை கழுத்தில் வந்து விழுகிறது. கழுத்து குட்டையானால் குண்டைப் பிடிக்கும் பிடி தளரும். குண்டு உள்ளே அமுங்கிவிட்டால், சுடும்போது அழுத்தம் எல்லை மீறும். அந்தத் துப்பாக்கி இருப்பது நம் பிள்ளையின் கையில்!

இரண்டாவது, கண்ணுக்குத் தெரியாதது. தோட்டாப் பித்தளையில் 70 பங்கு செம்பு, 30 பங்கு துத்தநாகம். சூடாக்காமல் நெருக்கினால் அது கடினப்படும். நெருக்கிய இறுக்கமும் உள்ளேயே தங்கிவிடும். இதைக் கற்பித்தது நம் நாட்டு மழைதான். ஆங்கிலேயர் ஆட்சியில், மழைக்காலத்தில் குதிரை லாயங்களில் வைத்திருந்த தோட்டாக்கள், யாரும் தொடாமலே விரிசல் விட்டன. லாயத்து அமோனியாவும், ஈரக்காற்றும், பித்தளைக்குள் தங்கிய இறுக்கமும் சேர்ந்து செய்த வேலை அது என்று 1921இல் ஆய்வாளர்கள் விளக்கினர். அளவாகச் சூடேற்றி அந்த இறுக்கத்தைத் தளர்த்துவதே பரிகாரம். பணிமனையில் இதை அனீலிங் என்போம். பித்தளைப் பாத்திரம் தட்டுகிறவர் நடுநடுவே நெருப்பில் காட்டுவதும் பித்தளையை இளக்கத்தான்.

நம் நாட்டிலோ, உரிமமின்றித் தோட்டா தயாரிப்பது 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி குற்றம். விடுமுறைக்கு வரும் பிள்ளைகள் இதை நினைவில் வைக்க வேண்டும்.

"பொருந்துகிறதா என்று மட்டும் பார்க்காதே அப்பா. எதற்காகச் செய்தது, என்னென்ன பட்டது என்றும் பார்" என்றேன்.

சற்று நேரம் பேச்சில்லை. பிறகு, "சரி தாத்தா, உரிய கூட்டையே விலைக்கு வாங்கிவிடுகிறேன்" என்றான். அன்றிரவு நிம்மதியாகத் தூங்கினேன்.