டிரிப் ஸ்விட்சைக் கழற்றாதீர்கள்!

மாமல்லபுரத்துக்குத் தெற்கே, கொக்கிலமேட்டில் கடலுக்குப் பக்கத்தில் எங்கள் வீடு. 2022 டிசம்பர் 9-ஆம் தேதி இரவு மாண்டஸ் புயல் மாமல்லபுரம் அருகே கரையைக் கடந்தது. சில நாள் கழித்து கேஸ் தீர்ந்துவிட, பரணிலிருந்த எலக்ட்ரிக் குக்கரை இறக்கினேன். ஸ்விட்சைப் போட்டதுமே வீடு முழுக்க இருட்டு! மறுபடி போட்டாலும் அதே கதை.

வந்த எலக்ட்ரீஷியன், "டிரிப்பர்தாம்மா தொல்லை. கழட்டிட்டு டைரக்டா குடுத்துடறேன்" என்றார். என் மாமியார் விடவில்லை. "நாய் குரைக்குதுன்னு நாயை அடிச்சா திருடன் போயிடுவானா தம்பி?" என்று கேட்டார். சமையலறையின் ஈரத் தரையில் என் பேத்தி வெறுங்காலோடு ஓடித் திரிகிறாள். மாமியார் கேட்டது எவ்வளவு நியாயம்!

தோழிகளே, முதலில் எது விழுகிறது என்று பாருங்கள். சின்ன எம்.சி.பி. விழுந்தால் லோடு அதிகம் அல்லது ஷார்ட். 700 வாட்ஸ் குக்கர் சுமார் 3 ஆம்பியர்தான் இழுக்கும். அதே லைனில் அயர்ன் பாக்ஸும் ஓடினால் சுமை கூடும். 'டி' பட்டன் உள்ள இ.எல்.சி.பி. விழுந்தால், மின்சாரம் எங்கோ எர்த்துக்குக் கசிகிறது. போகும் மின்சாரமும் திரும்பும் மின்சாரமும் 30 மில்லி ஆம்பியர் வித்தியாசப்பட்டாலே அது கண்ணிமைக்கும் நேரத்தில் துண்டித்துவிடும். நம் உயிரைக் காப்பது அதுதான்.

எங்கள் வீட்டில் விழுந்தது இ.எல்.சி.பி. எல்லா பிளக்குகளையும் பிடுங்கிவிட்டு அதை ஏற்றினோம், நின்றது. மிக்ஸி, ஃபிரிட்ஜ் என ஒவ்வொன்றாகப் போட்டோம்; ஒன்றும் ஆகவில்லை. குக்கரை வேறு பிளக் பாயிண்ட்டில் போட்டதும் விழுந்தது. ஆக, கோளாறு வயரிங்கில் இல்லை, குக்கரில்தான்.

செங்கல்பட்டில் ஒரு ரிப்பேர் கடையில் திறந்து காட்டினார்கள். ஹீட்டிங் பிளேட்டின் முனைகளில் பச்சைக் களிம்பு. உப்புக் காற்றின் ஈரம் உள்ளே இறங்கியிருக்கிறது. பிளேட்டையும் முனைகளையும் மாற்றி, மெக்கரால் சோதித்துத் தந்தார்கள். இப்போது சாதம் நன்றாக வேகிறது, டிரிப்பும் இல்லை.

கடலோரத் தோழிகள் குக்கரை நன்றாகத் துடைத்து, காய்ந்த இடத்தில் வையுங்கள். கஞ்சி வழிந்தால் பிளக்கைப் பிடுங்கி, ஆறியபின் துடையுங்கள். மூன்று பின் பிளக்கில் எர்த் பின்னை உடைக்காதீர்கள். மாதம் ஒருமுறை 'டி' பட்டனை அழுத்திப் பாருங்கள். விழவில்லையென்றால் உடனே ஆளைக் கூப்பிடுங்கள்.

- ஒரு வாசகி, கொக்கிலமேடு.