உங்களுக்குத் தெரியுமா? வாக்குப்பெட்டி பேசிய வெளியுறவு

முஸ்லிம்கள் பெரும்பான்மையாக வாழும் நாடுகள் என்றதும் நம் செய்தித்தாள்களில் மன்னர் வருகிறார், ராணுவத் தளபதி வருகிறார், மதகுரு வருகிறார். வாக்காளர் அபூர்வமாகத்தான் வருகிறார். அந்த வாக்காளருக்கு வாய்ப்புக் கிடைத்தபோது, அவருடைய நாடு வெளியுலகத்தோடு எப்படி நடந்துகொண்டது? சில துணுக்குகள்.

23 மாதக் குடியரசு

முஸ்லிம் உலகின் முதல் நாடாளுமன்றக் குடியரசு 1918 மே 28-இல் பிறந்தது. அதுதான் அஜர்பைஜான். பெண்களுக்கும் அங்கே வாக்குரிமை உண்டு. சுவிட்சர்லாந்துப் பெண்கள் தேசியத் தேர்தலில் வாக்களிக்க 1971 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அலிமர்தான் தோப்சுபாஷொவ் தலைமையில் பாரிஸ் அமைதி மாநாட்டுக்குப் போன அஜர்பைஜான் தூதுக்குழு, 1920 ஜனவரியில் நேச நாடுகளின் நடைமுறை அங்கீகாரத்தையும் பெற்றுவிட்டது. ஆனால் ஏப்ரல் இறுதியில் செம்படை பாகு நகருக்குள் நுழைந்தது. குடியரசும் முடிந்தது.

எண்ணெயும் பிரதமரும்

பிரிட்டிஷ் நிறுவனத்தின் கையிலிருந்த எண்ணெய்த் தொழிலை ஈரான் நாடாளுமன்றம் 1951 மார்ச்சில் நாட்டுடைமையாக்கியது. அடுத்த மாதமே முகமது மொசாதெக் பிரதமரானார். பிரிட்டன் வழக்குப் போட்டது. மொசாதெக் தாமே த ஹேக் நகருக்குப் போய் வாதாடினார். இந்த வழக்கை விசாரிக்கத் தனக்கு அதிகாரமில்லை என்று 1952 ஜூலையில் சர்வதேச நீதிமன்றம் சொல்லிவிட்டது. சட்டத்தால் வீழ்த்த முடியாத பிரதமரை 1953 ஆகஸ்ட் 19-இல் சதியால் வீழ்த்தினார்கள். அதில் தன் பங்கு என்ன என்பதைக் காட்டும் ஆவணங்களை சி.ஐ.ஏ. வெளியிட்டபோது ஆண்டு 2013. அதற்குள் அறுபது ஆண்டுகள் ஓடிவிட்டன. ஈரானைப் பற்றி இன்று பேசுகிற எவரும் இந்தக் கணக்கை விட்டுவிட்டுப் பேசக் கூடாது.

ஜோர்தானின் ஆறு மாதம்

1956 அக்டோபர் தேர்தலுக்குப் பின் சுலைமான் நபுல்சி ஜோர்தானின் பிரதமரானார். பிரிட்டனுக்கு ராணுவத் தளங்கள் தந்திருந்த உடன்படிக்கையை அவருடைய அரசு 1957 மார்ச்சில் முடித்துவைத்தது. ஏப்ரலில் மன்னர் ஹுசைன் அவரைப் பதவியிலிருந்து நீக்கினார்.

மூன்று வாக்குகள் குறைந்தன

2003 மார்ச் 1, அங்காரா. இராக் மீது வடக்கிலிருந்தும் படையெடுக்க அமெரிக்கா விரும்பியது. அதற்கு ஏறத்தாழ 62,000 அமெரிக்க வீரர்கள் துருக்கி மண்ணில் இறங்க அனுமதி வேண்டும். பதிலுக்குப் பெரிய பொருளாதார உதவி காத்திருந்தது. நன்கொடையாக மட்டுமே 600 கோடி டாலர் என்று பேச்சு. அமெரிக்காவின் நான்காம் காலாட்படைப் பிரிவின் தளவாடக் கப்பல்கள் மத்தியதரைக் கடலில் துருக்கிக் கரையோரம் வாரக்கணக்கில் நின்றிருந்தன. தீர்மானத்தைக் கொண்டுவந்தது பிரதமர் அப்துல்லா குல்லின் அரசேதான். ஆளுங்கட்சிக்கோ அவையில் மிகப் பெரிய பெரும்பான்மை. வெளியே தலைநகரில் பல்லாயிரம் பேர் போர் வேண்டாம் என்று கூடியிருந்தார்கள்.

வாக்குகளை எண்ணினார்கள். ஆதரவு 264, எதிர்ப்பு 250, நடுநிலை 19. ஆதரவுதானே அதிகம்? முதலில் பலரும் தீர்மானம் நிறைவேறிவிட்டது என்றே நினைத்தார்கள். ஆனால் துருக்கி அரசமைப்பின்படி, அவைக்கு வந்திருப்பவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் ஆதரிக்க வேண்டும். அன்று வந்திருந்தவர்கள் 533 பேர். தேவைப்பட்டது 267. மூன்றே வாக்குகளில் தீர்மானம் தோற்றது. ஆளுங்கட்சிக்காரர்கள் ஏறத்தாழ நூறு பேர் தங்கள் அரசோடு நிற்கவில்லை. கப்பல்கள் சூயஸ் கால்வாய் வழியாகக் குவைத்துக்குப் போய்ச் சேர்ந்தன.

மார்ச் 20-இல் வான்வழியைப் பயன்படுத்த அதே அவை அனுமதி தந்தது. அதையும் சொல்லத்தான் வேண்டும். ஆனால் தரைப்படை கால் வைக்கவில்லை.

இதற்குப் பிறகு நடந்ததுதான் எனக்கு இன்றும் கோபமூட்டுவது. அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் துணைச் செயலர் பால் வுல்ஃபோவிட்ஸ் மே மாதம் ஒரு தொலைக்காட்சிப் பேட்டி கொடுத்தார். தாங்கள் எதிர்பார்த்த உறுதியான தலைமைப் பங்கைத் துருக்கி ராணுவம் ஆற்றவில்லை என்று அதில் குறைப்பட்டார். 1960, 1971, 1980, 1997 என நான்கு முறை ராணுவம் அரசியலில் புகுந்து ஆட்சியைக் கலைத்தோ விலக்கியோ வைத்த நாடு அது. ஜனநாயகம் கொடுக்கப் போகிறோம் என்று இராக்குக்குள் போனவர்கள், பக்கத்து நாட்டு நாடாளுமன்றத்தின் முடிவு பிடிக்காதபோது ராணுவத்தின் பக்கம் திரும்பிப் பார்த்தார்கள்.

ஏமனுக்கு வர முடியாது

2015-இல் ஏமன் போருக்குக் கப்பல், விமானம், தரைப்படை மூன்றும் வேண்டும் என்று பாகிஸ்தானைச் சவூதி அரேபியா கேட்டது. முந்திய ஆண்டுதான் 150 கோடி டாலர் கொடுத்திருந்தது. பிரதமர் நவாஸ் ஷெரீஃபுக்குச் சவூதி அரச குடும்பத்தோடு நெருக்கம். 1999-இல் ராணுவம் அவரைக் கவிழ்த்த பிறகு அடைக்கலம் கொடுத்ததும் சவூதிதான். இருந்தும், கோரிக்கை நாடாளுமன்றக் கூட்டுக் கூட்டத்துக்குப் போனது. ஐந்து நாள் விவாதம். ஏப்ரல் 10-இல் ஒருமனதாகத் தீர்மானம்: பாகிஸ்தான் இந்தப் போரில் நடுநிலை வகிக்கும். ஐக்கிய அரபு அமீரகத்தின் வெளியுறவு இணையமைச்சர் அன்வர் கர்காஷ் வெளிப்படையாகவே சினந்தார். ராணுவத்தின் நிழல் நீங்காத நாட்டில்கூட, அவை கூடிப் பேசியதால் ஒரு தலைமுறை இளைஞர்கள் அந்நியப் போர்க்களத்துக்குப் போகாமல் தப்பித்தார்கள். இதைச் சாதாரணமாக எண்ண முடியாது.

கோலிக்குண்டு நாடு

காம்பியாவில் வாக்குச்சீட்டு கிடையாது. ஒவ்வொரு வேட்பாளருக்கும் ஒரு வண்ண உலோகப் பீப்பாய். வாக்காளர் ஒரு கண்ணாடிக் கோலிக்குண்டை அதன் குழாயில் போடுவார். உள்ளே மணி ஒலிக்கும். மணி இரண்டு முறை ஒலித்தால் ஏதோ மோசடி என்று அதிகாரிக்குத் தெரிந்துவிடும்.

2016 டிசம்பரில் அந்தக் கோலிக்குண்டுகள் 22 ஆண்டு ஆண்ட யஹ்யா ஜாமேயைத் தோற்கடித்தன. முதலில் தோல்வியை ஒப்புக்கொண்டார். ஒரு வாரம் கழித்து மறுத்துவிட்டார். வெற்றி பெற்ற அடாமா பாரோ ஒரு காலத்தில் லண்டனில் கடைக் காவலாளியாக இருந்தவர். அவர் 2017 ஜனவரி 19-இல் சொந்த நாட்டில் பதவியேற்க முடியாமல், அண்டை நாடான செனகலின் டக்கார் நகரில் உள்ள காம்பியத் தூதரகத்தில் உறுதிமொழி எடுத்தார். மேற்கு ஆப்பிரிக்க நாடுகளின் கூட்டமைப்பு செனகல் தலைமையில் படையை அனுப்பியது. இரண்டு நாளில் ஜாமே நாட்டைவிட்டுப் போனார். மக்கள் தீர்ப்பை அண்டை நாடுகள் சேர்ந்து காப்பாற்றிக் கொடுத்த அருமையான நிகழ்வு இது.

அதன் பிறகு வெளியுறவு தலைகீழாக மாறியது. சர்வதேசக் குற்றவியல் நீதிமன்றத்திலிருந்து விலக ஜாமே எடுத்த முடிவை 2017-இல் திரும்பப் பெற்றார்கள். 2018-இல் காமன்வெல்த்தில் மீண்டும் சேர்ந்தார்கள். நீதி அமைச்சர் அபூபக்கர் தம்படு, முன்பு ருவாண்டா இனப்படுகொலை வழக்குகளை நடத்திய தீர்ப்பாயத்தில் பணியாற்றியவர். வங்கதேசத்தில், மியான்மரிலிருந்து தப்பி வந்த ரோகிங்கியா அகதிகளின் முகாமுக்குப் போனபோது, அவர்கள் சொன்னதெல்லாம் ருவாண்டாவை அவருக்கு நினைவூட்டியது. 2019 நவம்பரில் மியான்மருக்கு எதிராக இனப்படுகொலை வழக்கைச் சர்வதேச நீதிமன்றத்தில் தொடுத்தது காம்பியா. மியான்மருக்காக வாதாட வந்தவர் ஆங் சான் சூச்சி. ரோகிங்கியாக்களைப் பாதுகாக்க வேண்டும் என்று 2020 ஜனவரி 23-இல் நீதிபதிகள் ஒருமனதாக இடைக்கால ஆணை பிறப்பித்தார்கள். பணமும் படையும் உள்ள எத்தனையோ நாடுகள் அறிக்கை விட்டுக்கொண்டிருந்தபோது, ஆப்பிரிக்காவின் மிகச் சிறிய நாடுகளில் ஒன்று வழக்குக் கட்டோடு போய் நின்றது.

சிறையிலிருந்து பத்து நாள்

செனகலில் மிகப் பெரும்பாலோர் முஸ்லிம்கள். அவர்களின் முதல் குடியரசுத் தலைவர் செங்கோர் ஒரு கத்தோலிக்கர். இருபது ஆண்டுகள் ஆண்ட பின் தாமே விலகினார். 2024-இல் தேர்தலைத் தள்ளிப்போட நடந்த முயற்சியை அரசமைப்பு மன்றம் ரத்து செய்தது. மார்ச் 14-இல் சிறையிலிருந்து வந்த பசிரு தியோமயே ஃபாய் மார்ச் 24-இல் முதல் சுற்றிலேயே வென்றார். அவருடைய ஆட்சியில்தான், 2025 ஜூலையில், பிரெஞ்சு ராணுவம் செனகலிலிருந்த தன் கடைசித் தளத்தை ஒப்படைத்தது.

80 வாக்கு

சோமாலிலாந்தில் 2003 குடியரசுத் தலைவர் தேர்தலின் வெற்றி வித்தியாசம், முதல் அறிவிப்பின்படி 80 வாக்குகள். அப்படியும் நாடு தீப்பற்றவில்லை. இருந்தும், 1991-இல் சோமாலியாவிலிருந்து பிரிந்ததாக அறிவித்துக்கொண்ட அந்நாட்டுக்கு ஐ.நா.வில் இடம் கிடையாது.

ரயில் பாதையின் விலை

மலேசியாவில் 2018 மே மாதம் 92 வயது மகாதீர் தேர்தலில் வென்று ஆட்சியைப் பிடித்தார். சீன உதவியுடன் தொடங்கிய கிழக்குக் கரை ரயில் திட்டத்தை நிறுத்திவைத்தார். அடுத்த ஆண்டு அதே திட்டம் 6,550 கோடி ரிங்கிட்டிலிருந்து 4,400 கோடிக்கு இறங்கியது.

திமோர்

1998 மே மாதம் இந்தோனேசியாவில் சுஹார்த்தோவின் ஆட்சி விழுந்தது. அவருக்குப் பின் வந்த ஹபீபி, 1975-இல் இந்தோனேசியப் படை புகுந்த கிழக்குத் திமோரின் மக்களிடமே எதிர்காலத்தைக் கேட்க ஒப்புக்கொண்டார். 1999 ஆகஸ்ட் 30 வாக்கெடுப்பில் 78.5 விழுக்காட்டினர் தனி நாட்டுப் பக்கம் நின்றார்கள். அதைத் தொடர்ந்து ஆயுதக் குழுக்கள் ஆடிய வெறியாட்டம் இந்தோனேசியாவின் மேல் படிந்த கறை, மறைக்க முடியாதது. ஆனாலும் 24 ஆண்டு பிடித்துவைத்திருந்த நிலத்தை இந்தோனேசியா விட்டது. இன்று இரண்டும் அண்டை நாடுகளாகப் பழகுகின்றன. 2025 அக்டோபரில் ஆசியான் அமைப்பின் 11-ஆவது உறுப்பினரானது திமோர்.

நம் பக்கத்துத் தீவு

மாலத்தீவுத் தேர்தலுக்குத் திருவனந்தபுரத்திலும் வாக்குப்பெட்டி வைக்கிறார்கள். படிப்புக்கும் மருத்துவத்துக்கும் அங்கே வந்து தங்கியிருக்கும் மாலத்தீவினருக்காக. 2023 செப்டம்பரில் இந்திய ராணுவத்தினர் வெளியேற வேண்டும் என்ற முழக்கத்தோடு முகமது முய்சு வென்றார். நூறு பேருக்கும் குறைவான அந்த இந்தியப் படையினர் 2024 மே 10-க்குள் திரும்பினார்கள். அவர்கள் கையாண்டுவந்த ஹெலிகாப்டர்களையும் விமானத்தையும் இயக்க ராணுவத்தைச் சேராத இந்தியத் தொழில்நுட்பர்கள் போனார்கள். நம் சமூக ஊடகங்களில் அந்த மாதங்களில் மாலத்தீவு மக்கள் மீது கொட்டிய வசை வெட்கப்பட வேண்டியது. அதே ஆண்டு அக்டோபரில் முய்சு தில்லிக்கு வந்தார், நாணயப் பரிமாற்ற உதவி பெற்றுச் சென்றார். 2025 ஜூலையில் அவர்களுடைய சுதந்திரத்தின் 60-ஆம் ஆண்டு விழாவுக்குச் சிறப்பு விருந்தினராகப் போனவர் இந்தியப் பிரதமர்.

துருக்கி அமெரிக்காவிடம் முடியாது என்றபோது கைதட்டுகிற நாம், மாலத்தீவு நம்மிடம் முடியாது என்று சொல்லும்போதும் அந்த வாக்காளரை மதிக்க வேண்டும்.